சும்மா நடப்பதன் சங்கடங்கள்

அரிசோனாவிலே கொலராடோ நதியானது பாறையை யுகயுகமாக அரித்து, 446 கிலோமீற்றர் நீளமும் ஏறக்குறைய ஒரு மைல் ஆழமும் கொண்ட பெரும்பள்ளத்தாக்கு ஒன்றை உண்டாக்கியிருக்க, அதிலே இறங்கி ஏறி மூச்சிரைப்பதற்கென்றே ஜனங்கள் பணத்தைச் செலவழித்துத் தேசாந்தரங்களிலிருந்து போகிறார்கள். யாழ்ப்பாணத்தானுக்கு அந்தப் பாக்கியம் இல்லை. பெய்கிற மழையையெல்லாம் சுண்ணாம்புக்கல் உறிஞ்சிப் பூமிக்குள்ளே பத்திரப்படுத்திவிடும் சிக்கனமான தேசத்தில், பள்ளத்தாக்குக் குடைய நதி எங்கிருந்து வரும்?

ஆயினும், பருத்தித்துறையிலிருந்து தென்கிழக்கே சென்றால், மணற்காடு என்னும் சிறு பாலைவனம் நமக்கும் உண்டு. காற்றுக் குவித்த மணற்குன்றுகளும், அவை நகர்ந்துவிடாதபடி மனிதர் நட்ட சவுக்கந்தோப்பும், மணலிற் பாதி புதைந்து நிற்கும் பழைய அந்தோனியார் கோயிற் சுவர்களும், எருக்கும், அடம்பன் கொடியும் அங்கே பார்க்கத் தக்கவை. இராவணன் மீசையைப் பார்க்க வேண்டியதில்லை. அந்த முட்புல்லின் உருண்டைக் காய்க்கொத்து காற்றில் உருண்டோடி வந்து, நமது கணுக்காலைத் தானே விசாரித்துக்கொள்ளும்.

குன்றேறுவது கஷ்டந்தான், அதைவிடக் கஷ்டம், ஏன் ஏறுகிறோம் என்பதை ஊராருக்கு விளக்குவது. சவுக்க மரநிழலில் வலை பொத்திக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர், நான் உச்சிவரை ஏறி, அங்கே ஒரு காரியமும் பாராமல் திரும்பி இறங்கியதை முழுவதும் கவனித்திருந்தார்.

“தம்பி, ஆரைத் தேடுறியள்?”

“ஒருத்தரையும் இல்லை, ஐயா. சும்மா நடக்கிறன்.”

“சும்மாவோ? காணி பாக்க வந்தனியளோ?”

“இல்லை, ஐயா.”

“அப்ப மண் அள்ளப் பேமிற் எடுக்கிற ஆளோ?”

வடமராட்சி கிழக்கில் மணற்கொள்ளை படுத்தும் பாட்டை அறிந்தவனாதலால், அந்தக் கேள்வியின் நியாயத்தை உணர்ந்து, சத்தியம் பண்ணாத குறையாக மறுத்தேன். அவர் ஊசியைக் கீழே வைத்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, “வீட்டிலை ஏதும் சண்டையோ?” என்றார். சும்மா நடத்தல் என்ற வியாதிக்கு வேறு காரணம் அவருடைய அனுபவத்தில் இல்லை.

புரட்டாதியிலே வல்லிபுர ஆழ்வார் கடல் தீர்த்தத்துக்கு எழுந்தருளும்போது, ஆயிரக்கணக்கான பக்தர்கள் இதே மணலிலே கால் புதையப் புதைய நடக்கிறார்கள். ஒருவரையும் ஒருவரும் ஏனென்று கேட்பதில்லை. ஆகையால், மணற்குன்றேற விரும்பும் அன்பர்கள் வெயிலுக்கு முன்னே புறப்படுங்கள். போத்தலில் தண்ணீர் கொண்டுபோங்கள். யாராவது விசாரித்தால் நேர்த்திக்கடன் என்று சொல்லிவிடுங்கள்.