என் மெத்தைக்கு ஓர் அனுமதிப்பத்திரம்

பணிப்பாளர் அவர்கட்கு,
வடமேல் மாகாண சுற்றாடல் அதிகாரசபை.

பிரதி: மத்திய சுற்றாடல் அதிகாரசபை, பத்தரமுல்லை (காற்று மாகாண எல்லையில் நின்று அனுமதி கேட்பதில்லை என்பதால்).

விடயம்: படுக்கையறையில் இயங்கிவரும் மெத்தை ஒன்றுக்குச் சுற்றாடல் பாதுகாப்பு அனுமதிப்பத்திரம் கோரல்.

ஐயா / அம்மணி,

கற்பிட்டிக் குடாநாட்டில், நுரைச்சோலைக்கும் தலவிலைக்கும் இடையே குடியிருக்கும் நான், வாயு வெளிவிடும் நிலையம் ஒன்றை உரிய அனுமதியின்றி என் படுக்கையறையில் இயக்கி வருகிறேன் என்பதை இத்தால் அறியத்தருகிறேன். அயலவர் யாரும் முறைப்பாடு கொடுக்க முன் நானே ஒப்புக்கொள்வது மரியாதை என்று பட்டது. நாட்டுக்குப் பொதுவாக 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டம் இருக்கிறது. அது போதாதென்று எங்கள் மாகாணத்துக்கென்றே 1990ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க நியதிச்சட்டமும் இருக்கிறது. இரண்டு சட்டங்கள் காவல் நிற்கும் காற்றை ஒரு மெத்தை கெடுப்பதென்றால் அது சின்ன விடயமா?

நிலையத்தின் விபரம்: ஆறடிக்கு ஐந்தடி, ஆறு அங்குலத் தடிப்பு, போம் மெத்தை. மூலப்பொருட்கள் பொலியோல், ஐசோசயனேற்று என்ற இரண்டு திரவங்கள். இவற்றோடு கொஞ்சம் தண்ணீர் சேரும்போது கரியமில வாயு கிளம்பி, கலவை அப்பமாவைப்போலப் பொங்கி, குமிழி குமிழியாக இறுகுகிறது. வேகமாகப் பொங்கட்டும் என்று சேர்த்த அமீன்கள், அடுக்குகளை ஒட்டிய பசை என்று மிச்சம் மீதியெல்லாம் அந்தக் குமிழிகளிலிருந்து ஆறுதலாக வெளியே வருகின்றன. அதுதான் அந்தப் 'புது மணம்'. புகைபோக்கி: இல்லை. எங்கள் பக்கத்து அனல்மின் நிலையத்துக்கு 150 மீற்றரில் ஒன்று இருக்கிறது. என்னுடையது விடுவது நேரே தலையணைக்கு வருகிறது. இயங்கும் நேரம்: இரவு முழுவதும். ஊழியர்கள்: நான், மனைவி, நடுவில் குறுக்கே கிடந்து உதைக்கும் சின்ன மகன்.

விற்ற கடைக்காரரிடம் கேட்டேன். "நானா, புதுசெண்டா அப்பிடித்தான் மணக்கும், ரெண்டு நாளையில போயிரும்" என்றார். பாதி உண்மை. இந்த மணம் சில நாளில் குறையும், சில வாரத்தில் அடங்கும். சூடும் ஈரமும் கூடக்கூட இன்னும் வேகமாகவே வெளியே வரும். ஆனால் வெளியே வந்ததை யாராவது அறையை விட்டு வெளியே கொண்டுபோக வேண்டுமே. அந்த வேலைக்குக் காற்றைத் தவிர வேறு கூலியாள் கிடையாது.

இதில் எங்கள் ஊர் வழக்கம் ஒன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். மெத்தையின் பொலித்தீனை நாங்கள் கழற்றுவதில்லை. கழற்றினால் பழசாகிவிடும். கலியாணத்துக்கு வந்த மெத்தை, பேரப்பிள்ளை நடக்கத் தொடங்கிய பிறகும் கடைப் பொலித்தீனோடு சரசரத்துக்கொண்டு கிடக்கும் வீடுகள் இங்கே உண்டு. அதன் மேல் விரிப்பு, விரிப்பின் மேல் மனிதன், நடுவில் போக்கிடம் இல்லாத வியர்வை. அப்படிக் கிடந்த ஒரு மெத்தையைப் பெருநாள் துப்பரவுக்காகத் தூக்கி நிறுத்தினார்கள், நானும் ஒரு பக்கம் பிடித்தேன். அடிப்பக்கத்தில் பலகை தொட்ட இடமெல்லாம் பூஞ்சணம் பிடித்துக் கறுப்பு. பலகைக்கும் பலகைக்கும் இடைவெளி விழுந்த இடமெல்லாம் வாங்கிய நாளின் வெள்ளை. காற்று எதுவரை வந்தது, எங்கே திரும்பிப் போனது என்று மெத்தையே வரைபடம் போட்டு வைத்திருந்தது. சீமெந்துத் தரையில் நேரே போட்டிருந்தால் முழுவதும் கறுப்புத்தான்.

ஈரப்பதத்தைப் பற்றி அதிகாரசபைக்கு நான் பாடம் எடுக்கத் தேவையில்லை. அமெரிக்கச் சுற்றாடல் பாதுகாப்பு முகவரகம், வீட்டுக்குள் ஈரப்பதம் 60 சதவீதத்துக்குக் கீழே, முடிந்தால் 30க்கும் 50க்கும் இடையே இருக்கட்டும் என்கிறது. எங்கள் கரையில் அந்த நிலையை எட்டுவது கருவாடு மட்டும்தான், அதுவும் நல்ல வெயில் எறித்தால். மெத்தைக்குள் குடியிருக்கும் தூசி உண்ணிகள் தண்ணீர் குடிப்பதில்லை, காற்றின் ஈரத்தை உறிஞ்சியே வாழ்கின்றன. 50 சதவீதத்துக்குக் கீழே நாட்கணக்கில் வைத்தால் காய்ந்து சாகுமாம். இங்கே அவை நீண்ட ஆயுளோடு வாழ்கின்றன.

ஈரமானி வாங்க வசதியில்லாதவர்களுக்கு எங்கள் மாவட்டத்திலேயே ஒன்று விளைகிறது. உப்பு. சுத்தமான உப்பு, காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் தண்ணீராகக் கசியத் தொடங்கும். மகனீசியம் போகாத உப்பென்றால் அதற்கும் வெகு முன்னரே. புத்தளத்து உப்பளங்களுக்குப் பக்கத்தில் வாழும் எங்கள் உம்மா, குசினி உப்புப் போத்தலைக் கவிழ்த்துப் பார்த்துவிட்டு, "இண்டைக்கு மெத்தையைக் காயப்போட்டு வேலையில்ல மகன்" என்று சொல்வது இதனால்தான். வளிமண்டலவியல் திணைக்களம் இவ்வளவு சுருக்கமாகச் சொல்வதில்லை.

சரி, பரிகாரம் என்ன? உலகத்து நிபுணர்கள் எல்லாரும் ஒரே குரலில் சொல்கிறார்கள்: பொலித்தீனைக் கழற்று, மெத்தையை நிழலில் சாய்த்து நிறுத்து, யன்னலைத் திற, வெளிக்காற்றை உள்ளே விடு. நியாயமான பேச்சு. இந்தக் கரையில் காற்று கொஞ்சமாவது உலர்ந்திருப்பது மத்தியானத்துக்குப் பிந்திய நேரம். இராத்திரிக் காற்று குளிர்ச்சியாக இருக்கிறதே என்று திறப்பவர்கள் ஈரத்தைத்தான் உள்ளே அழைக்கிறார்கள். ஆகவே, மத்தியானம் திறக்க வேண்டும்.

மத்தியானம்தான் கடற்காற்று பலமாக அடிக்கும் நேரமும்.

இங்கேதான் உங்கள் தீர்ப்பு எனக்குத் தேவைப்படுகிறது. நுரைச்சோலை லக்விஜய அனல்மின் நிலையம் 2011இல் 300 மெகாவாற்றோடு தொடங்கி, 2014இல் 900 ஆனது. அதற்கான நிலக்கரி ஏறக்குறைய செப்டெம்பரிலிருந்து ஏப்ரல் வரை மட்டுமே கடல் வழியாக இறக்கப்படுகிறது. கச்சான் காலத்துக் கடலில் தெப்பங்கள் நிற்காது. ஆகவே காற்று ஓய்ந்திருக்கும் காலத்தில் கரியைச் சேமித்து, காற்று வெறிகொண்டு அடிக்கும் மாதங்களில் அதைத் திறந்த முற்றத்தில் குவித்து வைத்திருக்கிறோம். காற்றையும் கரியையும் இதைவிடக் கச்சிதமாகச் சந்திக்க வைக்க எந்தக் கலியாணத் தரகராலும் முடியாது. முற்றத்தைச் சுற்றிக் காற்றுத் தடுப்பு எழுப்பினார்கள். ஆனாலும் அயல் கிராமத்து மக்கள், யன்னல் கட்டையில் விரலால் கோடிழுத்து, கறுத்த விரலைக் காட்டாத பத்திரிகையாளர் இல்லை. கரித்தூள், எரிசாம்பல், கருகிய மிளகாய்ச் செடி என்று பல வருடமாக அவர்கள் சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள்.

அதே காற்றுத்தான் மாம்புரியில் 2010 முதல் காற்றாலைகளைச் சுற்றுகிறது. அதே காற்றுக்காகத்தான் வெள்ளைக்காரர்கள் விமானம் ஏறி வந்து, கற்பிட்டிக் கடலில் பட்டத்தைப் பிடித்துக்கொண்டு சறுக்குகிறார்கள். ஒரே காற்று மூன்று உத்தியோகம் பார்க்கிறது. என் மெத்தையைக் காயவைப்பதை நான்காவதாகக் கொடுக்கலாமா என்பதே என் கேள்வி.

யன்னலைப் பூட்டிவிட்டு ஏசி போடு என்கிறான் வெளிநாட்டிலிருக்கும் மைத்துனன். ஏசி ஈரத்தைப் பிழியும், உண்மை. ஆனால் சுவரில் மாட்டும் ஏசி அறைக்குள் இருக்கும் அதே காற்றைத்தான் திரும்பத் திரும்பக் குளிராக்கித் தருகிறது. மெத்தையின் மணம் குளிர்ந்த மணமாகும், அவ்வளவுதான். மேலும் ஏசிக்கு மின்சாரம் வேண்டும். மின்சாரத்துக்கு நிலக்கரி எரிய வேண்டும். நிலக்கரி எரிந்தால் யன்னலைப் பூட்ட வேண்டும். யன்னலைப் பூட்டினால் ஏசி வேண்டும். இந்தச் சக்கரத்திலிருந்து எங்களை ஒருமுறை விடுவித்தது ஒரு குரங்கு. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை மின் உபநிலையத்துக்குள் அது புகுந்ததாகச் சொன்னார்கள். நாடே இருண்டது, நுரைச்சோலையின் மூன்று இயந்திரங்களும் நின்றன. மின்விசிறி நின்ற அறையில் வியர்த்துக் கிடந்தபடி, புகைபோக்கி ஓய்ந்திருக்கும் நேரம் பார்த்து யன்னலை அகலத் திறந்து வைத்தோம். குரங்குக்கு நன்றிக் கடிதம் அனுப்ப முகவரி தெரியவில்லை.

யன்னலைத் திறந்தால் நுளம்பும் வரும். நுளம்புக்கு நுளம்புத்திரி. 2003இல் வெளியான ஓர் ஆய்வின்படி, ஒரு திரி முழுதாக எரிந்தால் வரும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட் வரை புகைத்ததற்குச் சமம். ஃபோர்மல்டிஹைட்டும் அதிலே உண்டு. உலக சுகாதார நிறுவனம் 2010இல் வீட்டுக்குள் அதற்கு வரம்பு போட்டது: கன மீற்றருக்கு 0.1 மில்லிகிராம், அரை மணி நேரச் சராசரி. எங்கள் 2008ஆம் ஆண்டு வர்த்தமானியோ வெளிக்காற்றைப் பற்றிப் பேசுகிறது. நுண்துகளுக்கு 24 மணி நேரத்தில் கன மீற்றருக்கு 50 மைக்ரோகிராம் வரை அனுமதி. 2021இல் உலக சுகாதார நிறுவனம் அதையே 15 ஆக்கிவிட்டது. வெளிக்காற்றிலேயே எங்கள் நுரையீரல் உலகத்து நுரையீரலைவிட மூன்று மடங்குக்கு மேல் பலமானது என்று நீங்கள் நம்புவது பெருமையாகத்தான் இருக்கிறது.

கடைசி நம்பிக்கையாக ஒரு கிண்ணம் சிரட்டைக்கரியை அறை மூலையில் வை என்றார்கள். சாதாரணக் கரி பெரிதாக ஒன்றும் செய்யாது. ஈரக் காற்றில் அதன் துளைகளைத் தண்ணீரே நிரப்பிக்கொள்ளும். ஆலையில் பதப்படுத்திய சிரட்டைக்கரிதான் வாயுக்களைப் பிடித்து வைக்கும். அதைச் செய்வதில் நாங்கள் உலகறிந்தவர்கள். எங்கள் தென்னை முக்கோணத்துச் சிரட்டை, கரியாகிக் கப்பலேறி, பிற நாட்டவர் குடிக்கும் தண்ணீரையும் மூச்சுவிடும் காற்றையும் வடிகட்டப் போகிறது. கப்பலில் ஒரு கரி வந்து இறங்குகிறது, கப்பலில் ஒரு கரி ஏறிப் போகிறது. வருவது அழுக்காக்க, போவது துப்பரவாக்க. வர்த்தகச் சமநிலை என்று இதைத்தான் சொல்கிறார்கள்போலும்.

தேங்காய் மட்டையின் கதையும் இதுதான். மாதம்பை, மாரவில பக்கத்துத் தும்பு ஆலைகளில் மெத்தைக்கென்றே ஒரு தரத் தும்பு பிரித்தெடுத்து ஏற்றுமதி செய்கிறோம். அங்கே அது இயற்கை மெத்தையென்று நல்ல விலைக்குப் போகும், இங்கே தும்பு மெத்தை வைத்திருப்பவன் வசதியற்றவன். தும்பு மெத்தையில் குற்றமில்லை என்று நான் சொல்லவில்லை. வருடம் போனால் குழி விழும், மூட்டைப்பூச்சி குடியேறும், நனைந்தால் அதுவும் பூஞ்சணம் பிடிக்கும். ஆனால் காற்று உள்ளே போய் வெளியே வரும். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டு இந்தக் கரைக்கு வந்த எங்கள் முஸ்லிம் மக்கள் கிடுகுக் கொட்டிலில் பாய் விரித்துப் படுத்தார்கள். அந்த வாழ்வை நான் அழகுபடுத்தமாட்டேன், மழைக்கு ஒழுகியது, பாம்பும் வந்தது. பிறகு பாடுபட்டுக் கல்வீடு கட்டினோம். கட்டும்போது யன்னலுக்கு மேலே காற்றுப் போக விடும் ஓட்டைக் கல்லை மட்டும், தூசி வரும் என்று மேசன் சொன்னதால் அடைத்துவிட்டு, அலுமினியச் சட்டத்தில் கண்ணாடி போட்டோம். தூசி வரும் என்று பயந்தது மேசனின் தவறல்ல.

தூசி என்றதும் பாலாவிச் சீமெந்துத் தொழிற்சாலையையும் அருவக்காட்டையும் விட்டுவிட முடியாது. சீமெந்துக்குச் சுண்ணாம்புக் கல்லை வெட்டி எடுத்த பக்கத்திலேதான், 2017 ஏப்ரல் 14இல் மீதொட்டமுல்லைக் குப்பைமலை சரிந்து மக்கள் மாண்ட பிறகு, கொழும்பின் குப்பைக்கு இடம் தயார்ப்படுத்தினார்கள். 2018இல் புத்தளம் வீதிக்கு இறங்கியது. 2019 ஓகஸ்டில் லொறிகள் வந்தன. எங்கள் மாவட்டத்தைத் தலைநகரம் ஒரு பின்பக்க அறையாகப் பார்க்கிறதென்று சிலர் கோபப்படுகிறார்கள். கோபம் எதற்கு? பின்பக்க அறைக்கும் ஒரு யன்னல் இருக்கிறதே, அதைத் திறப்பதா பூட்டுவதா என்று சொன்னால் போதும்.

ஆகவே, என் மெத்தைக்கு அனுமதிப்பத்திரம் தருவதற்கு நீங்கள் விதிக்கும் நிபந்தனைகள் எதுவாயினும் கட்டுப்படச் சம்மதம். பொலித்தீனைக் கழற்றிவிட்டேன். கட்டில் பலகைகளை விரலிடை விட்டுத் திரும்ப அடித்தாயிற்று. மெத்தையை நிழல் விறாந்தையில் நிறுத்தி, மின்விசிறியை அதன் பக்கம் திருப்பிவிட்டிருக்கிறேன். என் பக்கத்து வேலை இத்தோடு தீர்ந்தது. உங்கள் பக்கத்தில் கேட்பது, கச்சான் மாதங்களில் எந்த மணி முதல் எந்த மணி வரை யன்னல் திறக்கலாம் என்று மும்மொழியிலும் ஒரு நேர அட்டவணை. அதற்கு முன் காற்றை அளக்க வேண்டும் என்றால், அளக்கும் கருவியை எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடச் சுவரில் மாட்டி, இலக்கத்தை அன்றன்றைக்கு எல்லோரும் பார்க்க விடுங்கள். விண்ணப்பக் கட்டணம் எவ்வளவு என்று அறிவித்தால் மணியோடர் அனுப்புகிறேன்.

தளப் பரிசோதனைக்கு வரும் உத்தியோகத்தருக்கு இஞ்சித் தேத்தண்ணியும் தொதலும் உண்டு. யன்னலோரக் கதிரை வேண்டுமா, மெத்தைப் பக்கத்துக் கதிரை வேண்டுமா என்பதை முன்கூட்டியே எழுத்தில் தந்தால் நல்லது. இரண்டில் எது பாதுகாப்பானது என்று நாங்களும் அப்போது தெரிந்துகொள்வோம்.

இங்ஙனம்,
தங்கள் கீழ்ப்படிவுள்ள,
ஆறடிக்கு ஐந்தடி நிலையம் ஒன்றின் உரிமையாளன்,
கற்பிட்டிக் குடாநாடு.