ஓர் ஒற்று மிகுந்த கொலை

'தொடர்கொலை' என்ற சொல்லை வினைத்தொகையாகக் கொண்டால், ஒரே ஆள் இடைவெளி விட்டு அடுத்தடுத்துச் செய்யும் கொலைகள் என்று பொருள்படும். அதையே வேற்றுமைத்தொகையாகக் கொண்டு, நடுவில் ஒரு ககர ஒற்றை மிகுவித்துத் 'தொடர்க்கொலை' என்று எழுதினால், நன்றாக ஓடிக்கொண்டிருந்த தொலைக்காட்சித் தொடர் ஒன்றைப் பாதியில் தீர்த்துக்கட்டுதல் என்று பொருள்படும். முன்னதைத் துப்பறிவதற்கு அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. தனிப் பிரிவே கண்டது; பின்னதைத் துப்பறிய எந்த அரசும் ஒரு தலைமைக் காவலரைக்கூட ஒதுக்கியதாகத் தெரியவில்லை. முன்னதைப் பற்றி எடுக்கப்பட்ட ஒரு தொடரே பின்னதற்கு இரையானது என்பதுதான் இங்கே ஆராயப்படும் வழக்கு. இலக்கணத்தில் மெய்யெழுத்தையும் அரசியலில் உளவையும் குறிக்கும் சொல் 'ஒற்று' என்பதால், ஓர் ஒற்றைக் கொண்டே இவ்வழக்கைத் தொடங்குவது மரபுக்குப் புறம்பாகாது.

உயிர்நீத்த தொடரின் பெயர் 'மைண்ட்ஹன்ட்டர்'. எஃப்.பி.ஐ.யில் பணியாற்றிய ஜான் டக்ளஸ், எழுத்தாளர் மார்க் ஓல்ஷேக்கருடன் சேர்ந்து 1995-இல் வெளியிட்ட நூலைத் தழுவி ஜோ பென்ஹால் உருவாக்கிய இத்தொடருக்கு, முதன்மை இயக்குநராகவும் தயாரிப்பாளர்களுள் ஒருவராகவும் இருந்து முகம் கொடுத்தவர் டேவிட் ஃபின்ச்சர். முதற்பருவம் 2017 அக்டோபரில் பத்துப் பகுதிகளாகவும், இரண்டாம் பருவம் 2019 ஆகஸ்டில் ஒன்பது பகுதிகளாகவும் நெட்ஃபிளிக்ஸில் வெளிவந்தன. பருவம் என்பது ஒரு தொடரின் பகுதிகளில் ஒரு சேர்க்கையாக வெளியாகும் தொகுதி; பேச்சு வழக்கில் இதற்குச் 'சீசன்' என்று பெயர். குற்றாலத்துச் சீசன் ஓராண்டு பொய்த்தாலும் மறு ஆண்டு சாரலோடு வந்து சேரும். தொலைக்காட்சிச் சீசனுக்கு அத்தகைய நாணயம் கிடையாது. 2020 ஜனவரியில் நடிகர்கள் ஒப்பந்தத்திலிருந்து விடுவிக்கப்பட்டனர். தொடர் காலவரையின்றி ஒத்திவைக்கப்பட்டது. செலவு அதிகம், அதற்கு ஈடாகப் பார்ப்பவர்கள் இல்லை என்று ஃபின்ச்சர் பின்னர் காரணம் கூறினார். 'காலவரையற்ற ஒத்திவைப்பு' என்பது, மூச்சு நின்றுவிட்டது, ஆனால் யாரும் ஒப்பாரி வைக்க வேண்டாம் என்பதற்கான அலுவலக மொழி.

செலவு என்ற காரணந்தான் தொடரைப் பார்த்தவர்களைப் பெருந்திகைப்பில் ஆழ்த்துவது. வர்ஜீனியா மாநிலத்துக் குவான்டிகோவில், எஃப்.பி.ஐ. பயிற்சிக் கழகத்தின் நிலவறை ஒன்றில் 1970-களின் இறுதியில் இயங்கும் சிறு பிரிவே இதன் களம். ஹோல்டன் ஃபோர்டு, பில் டென்ச் என்னும் இரு அதிகாரிகளும் வெண்டி கார் என்னும் பேராசிரியரும், சிறையிலிருக்கும் கொலையாளிகளோடு பேசி, கொலை செய்பவரின் மனம் எவ்வாறு இயங்குகிறது என்பதை அறிய முயல்கிறார்கள். வாகனத் துரத்தல் அரிது; துப்பாக்கி வெடிப்பது அதனினும் அரிது. எதிரெதிரே சில நாற்காலிகள், நடுவே மேசை, மேசைமேல் ஓர் ஒலிப்பதிவுக் கருவி, டென்ச்சின் விரலிடுக்கில் அணையாத சிகரெட்: இவ்வளவே தளவாடம். ஒரு பட்டிமன்றத்துக்கே இதைவிட அதிக நாற்காலிகள் வேண்டியிருக்கும். ஆயினும் அந்த மேசைக்கு அப்பால் ஆறடி ஒன்பது அங்குல உயரமுள்ள கொலையாளி எட் கெம்பராக நடிகர் கேமரன் பிரிட்டன் அமர்ந்து, கூட்டுறவு வங்கி மேலாளரின் பணிவோடு தன் கொடுஞ்செயல்களை விவரிக்கும்போது, பார்ப்பவர் எழுந்து சென்று வாசற்கதவின் தாழ்ப்பாளைச் சரிபார்க்கிறார். பேச்சாலேயே அச்சமூட்டிய அந்நடிப்பு எம்மி விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டது. ஒரே காட்சியைத் திரும்பத் திரும்ப எடுப்பதில் பேர்போன ஃபின்ச்சரின் கையில், சிகரெட்டுச் செலவே ஒரு தனித் தலைப்பாகியிருக்கக்கூடும் என்று ஊகிப்பதைத் தவிர, கணக்குத் தணிக்கையாளருக்கு வேறு வழியில்லை.

இனி, தொடர் கற்பித்த முறையையே அதன் மரணத்தின்மீது பொருத்திப் பார்க்கலாம். டக்ளஸ் வழிவந்த ஆய்வாளர்கள் 'செய்முறை', 'முத்திரை' என இரண்டைப் பிரிக்கிறார்கள்: குற்றத்தை முடிப்பதற்கு இன்றியமையாதது செய்முறை, தேவையே இல்லாமல், தன் மனநிறைவுக்காகக் குற்றவாளி கூடுதலாகச் செய்வது முத்திரை. தொடர்க்கொலையில், அடுத்த பருவத்துக்குப் பணம் தராமலிருப்பது செய்முறை. கதை உச்சத்தில் தொங்கும் இடமாகப் பார்த்து நிறுத்துவது முத்திரை. கொலைகளுக்கு இடையே கொலையாளி அடங்கியிருக்கும் காலத்தை 'ஆறும் காலம்' எனலாம்; 2019-க்குப் பிறகான மௌனத்தை ஆறும் காலம் என்று எண்ணிக்கொண்டிருப்பவர்களே இரசிகர்கள் எனப்படுவோர். அவர்களுடைய நடத்தையும் ஆய்வுக்குரியதே: முதல் பருவத்தை ஐந்தாம் முறை பார்ப்பதும், நண்பர்களைப் பார்க்கத் தூண்டுவதும், பார்த்து முடித்த நண்பர் அடுத்த பருவம் எப்போது என்று கேட்கையில் இன்னோர் ஆள் அவதியில் பங்குகொண்டதை எண்ணி உள்ளூர மகிழ்வதும் முத்திரை வகையைச் சேர்ந்தவை.

மூன்றாம் பருவத்துக்கான வலுவான சான்று தொடருக்குள்ளேயே புதைந்திருக்கிறது. பல பகுதிகளின் தொடக்கத்தில், கான்சாஸ் மாநிலத்தில் பாதுகாப்பு மணி பொருத்தும் நிறுவனத்துப் பணியாளர் ஒருவர், மூக்குக்கண்ணாடியும் மீசையுமாக, ஓரிரு நிமிடம் தோன்றி மறைகிறார். முதன்மைக் கதைமாந்தர் எவரும் அவரைச் சந்திப்பதில்லை, பெயரும் சொல்லப்படுவதில்லை. அவர் டென்னிஸ் ரேடர் என்பது வரலாறு அறிந்தவர்களுக்குத் தெரியும். விச்சிட்டா நகரிலும் அதைச் சுற்றியும் 1974 முதல் 1991 வரை பத்து உயிர்களைப் பறித்த அவர், 2005 பிப்ரவரியில்தான் பிடிபட்டார். முப்பத்தோராண்டுக் காலம் காவல்துறை அவ்வழக்கைக் கைவிடவில்லை. தொடரோ, அவரைப் பத்தொன்பது பகுதிகள் வரை வளர்த்துவிட்டு நடுத்தெருவில் விட்டுவிட்டது. கதையின் சுவரில் துப்பாக்கி மாட்டினால் அது வெடித்தாக வேண்டும் என்பது செகாவின் பெயரால் வழங்கும் நெறி. இங்கே மாட்டப்பட்டிருப்பது துப்பாக்கியன்று, முழு மனிதர்.

அடுத்த பருவத்துக்குச் சரக்கில்லை என்று வாதிடுவதற்கும் இடமில்லை. இரண்டாம் பருவத்தின் சில பகுதிகளை இயக்கிய ஆண்ட்ரூ டொமினிக், மூன்றாம் பருவம் ஹாலிவுட்டுக்குச் செல்வதாக இருந்தது என்றும், ஓர் அதிகாரி இயக்குநர் ஜோனதன் டெம்மியோடும் மற்றவர் மைக்கேல் மானோடும் தொடர்புகொள்வதாக இருந்தது என்றும் பின்னர் வெளிப்படுத்தினார். மான் 1986-இலும் டெம்மி 1991-இலும் தாமஸ் ஹாரிஸின் நாவல்களைப் படமாக்கியவர்கள். அக்கதைகளில் வரும் எஃப்.பி.ஐ. பிரிவுத் தலைவருக்கு டக்ளஸே முன்மாதிரி என்று சொல்லப்படுகிறது. அதாவது, நிலவறையில் தொடங்கிய ஆய்வு திரைப்படமாகி, அத்திரைப்படம் உருவான கதை தொடராக வேண்டியிருந்தது. பாம்பு தன் வாலைக் கவ்வ வந்த நேரத்தில், வாலுக்குச் செலவு அதிகம் என்று சொல்லப்பட்டது.

புகழோடு நிறுத்திக்கொள்வதே கலைக்கு அழகு, பருவங்கள் கூடக்கூடத் தரம் தேய்வதே உலக இயல்பு என்று கூறுவோர் உண்டு. நியாயமான கூற்றுத்தான், ஆனால் விருந்தில் அளவோடு உண்பது வேறு, சாம்பாருக்கும் ரசத்துக்கும் நடுவில் இலையை உருவுவது வேறு.

நம்பிக்கைக்கு இடமுண்டா என்பதற்கும் ரேடர் வழக்கே விடை தருகிறது. 1991-க்குப் பிறகு அவர் அடங்கிப்போனார்; இறந்திருக்கலாம் என்றே பலரும் கருதினர். முதற்கொலைகள் நடந்து முப்பதாண்டு நிறைந்த 2004-இல் உள்ளூர் நாளிதழ் அவ்வழக்கைப் பற்றிக் கட்டுரை வெளியிட்டதும், தம்மை உலகம் மறந்துவிடுமோ என்ற ஆற்றாமையில் அவர் மீண்டும் கடிதம் எழுதத் தொடங்கினார். பின்னர், கணினித் தகவலைச் சேமிக்கும் மெல்லிய தகடான 'ஃபிளாப்பி'யில் செய்தி அனுப்பினால் தம்மைக் கண்டறிய முடியுமா என்று காவல்துறையிடமே கேட்டார். பரவாயில்லை என்று நாளிதழ் விளம்பரத்தின் வழியே பதில் வந்தது. நம்பி அனுப்பினார்; தகட்டிலிருந்து அவருடைய தேவாலயத்தின் பெயரும், டென்னிஸ் என்ற பெயரும் கிடைத்தன. காவலர்கள் தம்மிடம் பொய் சொல்லிவிட்டார்கள் என்று அவர் பின்னாளில் உண்மையாகவே வருந்தினார்.

இறந்ததாகக் கருதப்பட்ட ஒன்றை ஒரு கட்டுரை வெளியே வரவழைத்திருக்கிறது என்பதனால், இக்கட்டுரைக்கும் அந்த அளவு பயனை எதிர்பார்ப்பது பேராசையாகாது. மூன்றாம் பருவத்தை அனுப்பினால் போட்ட பணம் திரும்பி வருமா என்று தயாரிப்புத் தரப்பு கேட்குமாயின், பரவாயில்லை, நம்பி அனுப்பலாம் என்று நாளிதழில் விளம்பரம் கொடுக்க இரசிகர்கள் ஆயத்தமாக இருக்கிறார்கள். அது உண்மைதானா என்ற ஆராய்ச்சியைத் தொடர் கைக்கு வந்தபின் வைத்துக்கொள்ளலாம்.