பச்சை இலை, பக்கத்து வேர்

கேள்வி: 'இந்தியன் பெயிண்ட்பிரஷ்' என்றொரு காட்டுப்பூ அமெரிக்காவில் இருக்கிறதாமே, நம்மூர்ச் சரக்கா?

பதில்: கொலம்பஸ் செய்த குழப்பம் பூ வரைக்கும் வந்துவிட்டது! அந்த 'இந்தியன்' அமெரிக்கப் பூர்வகுடி. 1917-இல் வயோமிங் தன் மாநில மலராக்கிக்கொண்ட இதற்குத் தூரிகை என்ற மீதிப் பெயர் பொருத்தம்தான்; சிவப்புச் சாயத்தில் முக்கியெடுத்தாற்போல நிற்கும். ஆனால் அந்தச் சிவப்பு பெரும்பாலும் பூவினுடையதல்ல, நம் காகிதப்பூவில் போலவே பூவடி இலைகளுடையது. நிஜப்பூ உள்ளே பச்சைக் குழலாக ஒளிந்திருக்கும். மண்ணுக்கடியில் நடப்பது இன்னும் மோசம்: பக்கத்துப் புல், புதர்களின் வேரில் தன் வேரைச் செருகி நீரும் சத்தும் உறிஞ்சுகிறது. 'பச்சை இலை இருக்கிறதே, சொந்தமாகச் சமைக்காதா?' என்பீர்கள். சமைக்கும். துணையின்றியும் வளரும், நோஞ்சானாக. அதனால்தான் முழுத் திருடன் என்று சொல்லாமல் அரை ஒட்டுண்ணி என்கிறது தாவரவியல். அமெரிக்காவில் உறவினர் யாராவது இதன் விதையைத் தோட்டத்தில் போட நினைத்தால், கூடவே புல்லையும் விதைக்கச் சொல்லுங்கள்.