மணியார்டரில் வந்த அப்பா

எண்பதுகளில் எட்டயபுரம் பக்கத்துக் கரிசல் ஊர்களில் அப்பா என்பவர் மாதம் ஒருமுறை மணியார்டரில் வருவார். என் அப்பா தாராவியில் அண்டாவைத் தலையில் சுமந்து இட்லி விற்றார். மாவாட்டித் தர அம்மாவும் கூடவே போய்விட்டாள். என்னையும் தம்பியையும் ஆச்சியிடம் விட்டிருந்தார்கள். தபால்காரர் திண்ணையில் உட்கார்ந்து, ஆச்சியின் பெருவிரலில் மை தடவிக் கைநாட்டு வாங்கி, ரூபாயை இரண்டு தடவை எண்ணிக் கொடுப்பார். பாரத்தின் அடித்துண்டில் அப்பா எழுதிய இரண்டு வரியையும் அவரே வாசிப்பார். ‘பிள்ளைகளை ஒழுங்காகப் படிக்கச் சொல்லவும்’ என்ற இடம் வந்ததும் எங்கள் பக்கம் திரும்பி முறைப்பார். அப்பாவுக்காக முறைப்பதும் தபால் இலாகா வேலைதான் என்று வெகுநாள் நம்பிக்கொண்டிருந்தேன்.

அந்தப் பழைய மணியார்டரை 2015-ல் நிறுத்திவிட்டார்கள். இப்போது தம்பியும் அவன் பெண்டாட்டியும் திருப்பூர் பனியன் கம்பெனியில்; அவர்கள் மகன் அம்மாவிடம். ஆச்சி இருந்த இடத்தில் அம்மா, அவ்வளவுதான் மாற்றம். பணம் ஜிபேயில் நொடியில் வந்துவிடுகிறது, பலசரக்குக் கடைக்காரர் கணக்குக்கு. அவர் பற்றைக் கழித்துக்கொண்டு மிச்சத்தைத் தருவார்.

ரேஷன் கடையில்தான் வேடிக்கை. பருத்தி எடுத்தும் தீப்பெட்டி ஒட்டியும் தேய்ந்த அம்மாவின் விரலை மெஷின் ஏற்பதில்லை. “ரேகை விழலம்மா, ஓடிபி சொல்லுங்க.” ஓடிபி போவது தம்பியின் செல்லுக்கு. ஓவர்லாக் சத்தத்துக்கு நடுவில் அவன் போனை எடுத்தால் அன்றைக்கு அரிசி. தாய்க்குச் சோறு போடுகிற மகன் என்று அவனைத் தாராளமாகச் சொல்லலாம்.

எட்டயபுரத்தைப் பற்றி எழுதிவிட்டு பாரதியைச் சொல்லாமல் போனால் ஊரில் விடமாட்டார்கள். 1898-ல் தகப்பனார் சின்னசாமி ஐயர் போனபிறகு, பிள்ளையைக் காசியில் வைத்துப் பார்த்துக்கொண்டவர் அத்தை குப்பம்மாள். அவரை எந்தச் சட்டமும் கட்டாயப்படுத்தவில்லை. இப்போது பெரியவர்களைப் பார்த்துக்கொள்ளச் சட்டமே இருக்கிறது. 2007-ல் வந்த பெற்றோர் பராமரிப்புச் சட்டப்படி கோட்டாட்சியரிடம் மனுக் கொடுத்தால் மாதம் 10,000 ரூபாய் வரை வாங்கலாம். மகன், மகள் மட்டுமில்லை, வயதுவந்த பேரன் பேத்தி மீதும் கொடுக்கலாம்.

அம்மாவிடம் இதைச் சொன்னேன்.

“பேரன் மேலயுமா?” என்று, களி உருண்டையைக் கருப்பட்டியில் தொட்டுத் தின்றுகொண்டிருந்தவனை ஒரு பார்வை பார்த்தாள். “அது கெடக்கட்டும். மொதல்ல இவனுக்குப் பள்ளிக்கூடத்துப் பீஸ் கட்டணும். ஒந்தம்பி போன எடுக்க மாட்டேங்கான். நீயாவது போட்டு விடு.”