படியிறங்கும் பண்டிதர்

வெனிஸ் நகரத்து சாந்தா லூசியா ரயில் நிலையத்துக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. மற்ற ஊர்களில் நிலையத்தை விட்டு வெளியே வந்தால் டாக்ஸி, பஸ், லாட்ஜ் போர்டு என்று ஆளைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்குவார்கள். இங்கே கதவைத் தாண்டினால் எதிரே பெருங்கால்வாய், அக்கரையில் பச்சைச் செப்புக் குவிமாடத்தோடு ஒரு தேவாலயம். ரோடு என்ற பேச்சே இல்லை. பண்டிதர் பிறப்பது இந்த வாசல் படிக்கட்டில்தான்.

முதல் நிமிஷம் வாயைத் திறக்க மாட்டார். வெனிஸை அவர் பார்ப்பது அந்த ஒரு நிமிஷம்தான். இரண்டாவது நிமிஷம் தொண்டையைச் செருமுவார். அதற்கப்புறம் ஊர் திரும்பும் வரை கருத்துதான்.

எல்லா நாட்டிலும் விளைகிறவர் இவர். அமெரிக்கப் பண்டிதர், லாஸ் வேகஸில் 1999இல் திறந்த வெனிஸ் மாதிரி ஓட்டலில் ஏற்கெனவே படகேறியவர். அங்கே தண்ணீர் இதைவிடச் சுத்தம் என்பார். ஆம்ஸ்டர்டாம்காரருக்கு, தன் ஊரையும் ‘வடக்கின் வெனிஸ்’ என்கிறார்களே என்று ஒரு பங்காளிக் காய்ச்சல். நம்மவர், மியூனிக்கில் வேலை பார்க்கும் மகனைப் பார்க்க வந்து அப்படியே ரயில் பிடித்தவர். மூக்கை இரண்டு தரம் உறிஞ்சி, “கூவம்” என்பார். பிறகு தானே மேல்முறையீடு செய்து, தண்டனையைக் குறைத்து, “சரி, ஆலப்புழைன்னு வெச்சுக்க.”

“ஆலப்புழையில ஏதுங்க இவ்ளோ மாளிகை?” என்பார் வீட்டம்மா.

“மாளிகைய விடு. தண்ணியும் படகும் அதேதானே?”

“அப்போ அங்கயே போயிருக்கலாம். செலவு மிச்சம். மொதல்ல அந்தப் பெட்டியத் தூக்குங்க.”

பெட்டி விவகாரம் பெரிது. கார் மட்டுமல்ல, சைக்கிள் மிதிக்கவும் தடையுள்ள ஊர். நானூறுக்கு மேல் பாலங்கள், முக்கால்வாசிக்கு மேல் படி வைத்தவை. நாலு சக்கரப் பெட்டியின் சக்கரங்கள் அந்தரத்தில் சுற்ற, நிலையத்துக்குப் பக்கத்திலேயே இருக்கும் ஸ்கால்சி பாலத்தின் உச்சியில் நின்று மூச்சு வாங்கும்போது அடுத்த தீர்ப்பு வரும்: “பிளானிங்கே இல்லாத ஊரு.”

தங்குமிடம் தேடுவது அதற்கு அடுத்த கட்டம். இங்கே கதவு எண் தெருவுக்குத் தெரு தொடங்குவதில்லை. ஆறு வட்டாரங்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரே தொடராக ஆயிரக்கணக்கில் ஓடும். போனில் வழி பார்த்துப் போனால் சந்து முடிகிற இடத்தில் தண்ணீர். சுவரில் ‘ரியால்டோ போகும் வழி’ என்று எழுதி, இடப்பக்கம் ஓர் அம்பு, வலப்பக்கம் ஓர் அம்பு போட்டிருக்கும். இரண்டுமே சரி. பண்டிதர் அந்தச் சுவரைப் படம் பிடித்து மகனுக்கு அனுப்புவார். காய்கறி வண்டியை இழுத்துக்கொண்டு போகும் உள்ளூர்க் கிழவியை மறித்துக் கேட்டால், “சேம்ப்ரே திரித்தோ” என்று கையை நீட்டிவிட்டுப் போய்விடுவாள். நேரே போய்க்கொண்டே இரு என்று அர்த்தம். நேரான தெரு ஒன்றுகூட இல்லாத ஊரில், வழி கேட்டவர்களுக்கெல்லாம் கிடைக்கும் பதில் இதுதான்.

சான் மார்க்கோ சதுக்கத்தில் பண்டிதர் உச்சத்துக்குப் போகிறார். மணிக்கோபுரத்துச் செங்கல்லைத் தட்டிப் பார்த்து, “ஆயிரம் வருஷமா அசையாம நிக்குது. இப்போ யாரு இப்பிடிக் கட்றாங்க?” என்பார். கோபுரம் 1902 ஜூலை 14 காலையில் பொலபொலவென்று சரிந்து குவியலாகி, 1912இல் புதிதாகக் கட்டி முடிக்கப்பட்டது. உள்ளே லிஃப்ட் இருக்கிறது. (சரிந்தபோது செத்தது காவலாளியின் பூனை மட்டும் என்பார்கள்.) பக்கத்துத் தேவாலய முகப்பின் நாலு வெண்கலக் குதிரைகளைப் பார்த்து உருகுவார்; அவை நகல்கள், அசல் உள்ளே அருங்காட்சியகத்தில்.

கொண்டோலாவைப் பார்த்ததும் கண் சுருங்கும். “படகு கோணலா இருக்கு பாரு. செஞ்சவன் சரியில்ல.” கோணல்தான். ஒற்றைத் துடுப்பை வலப்பக்கம் மட்டும் போட்டால் படகு இடப்பக்கம் திரும்பும். அதனால் இடப்பாதியை 24 சென்டிமீட்டர் அகலம் கூட்டி, வேண்டுமென்றே கோணலாகக் கட்டி, நேராக ஓட்டுகிறார்கள். அரை மணி நேரத்துக்கு 90 யூரோ என்று நகராட்சியே கட்டணம் வைத்திருக்கிறது. பண்டிதர் முப்பதில் பேரத்தைத் தொடங்குவார். படகோட்டி பதில் சொல்லாமல் தொப்பியைச் சரிசெய்துகொள்வார்.

ஊரும் லேசுப்பட்டதல்ல. பெருங்கால்வாய் மாளிகைகளைப் பின்சந்திலிருந்து பாருங்கள், பல இடங்களில் வெறும் செங்கல் சுவர். சலவைக்கல், வளைவு, பூ வேலை எல்லாம் தண்ணீரைப் பார்த்த பக்கம்தான். வருகிறவன் படகில் வருவான், முகப்பைப் பார்த்தே வாய் பிளந்து வியாபாரத்துக்கு உட்காருவான் என்று கணக்குப் போட்டுக் கட்டிய வணிகர்கள். கடல் வழியே வருகிறவர்களுக்காக சதுக்கத்துக் கரையில் இரண்டு பெரிய தூண்கள் வேறு. முதல் பார்வையை முதலாகப் போட்டுப் பிழைத்த ஊருக்கு, முதல் பார்வையோடு நிறுத்திக்கொள்ளும் பண்டிதரைவிட நல்ல விருந்தாளி ஏது?

அதனால் எனக்கு அவர்மேல் கோபமில்லை. சாயங்காலம், “இன்னும் பத்து வருஷம்தான், முங்கிடும்” என்று அவர் நாள் குறிக்கும்போதும், கடல்வாயில் 78 இரும்புக் கதவுகள் போட்டு 2020 முதல் கடல் ஏற்றத்தைத் தடுக்கிறார்களே என்று குறுக்கே பேசுவதில்லை. பேசினாலும், “எல்லாம் துரு புடிச்சிடும்” என்பார்.

மறுநாள் காலை படகுத்துறையில் கை நிறையப் பெட்டிகளோடு ஒரு சின்னஞ்சிறு ஜோடி. சான் மார்க்கோவுக்கு எப்படிப் போவது என்று இவரைத்தான் கேட்கிறார்கள். பண்டிதர் போனை எடுக்கவில்லை, பலகையையும் பார்க்கவில்லை. கையை நீட்டினார்.

“சேம்ப்ரே திரித்தோ.”

“ஏங்க, அந்தப் பக்கம் நம்ம ஓட்டல்தானே இருக்கு?”

“நீ சும்மா இரு. இந்த ஊருல இப்பிடித்தான் சொல்லணும்.”