பெரியப்பாவின் கர்ப்போட்டம்

மார்கழி பாதி தாண்டிவிட்டால் எங்கள் பெரியப்பா அண்ணாந்தபடிதான் நடப்பார். வருஷத்தில் அவர் வரப்பிலிருந்து சறுக்கி விழுவதும் அந்தப் பதினாலு நாளில்தான். சூரியன் பூராட நட்சத்திரத்தில் இருக்கும் நாட்கள் அவை. டிசம்பர் கடைசியில் தொடங்கி ஜனவரி 10, 11 வாக்கில் முடியும். கர்ப்போட்டம் என்பார்கள். அப்போது கருமேகம் தெற்கே ஓடினால் மழை கருத்தரித்துவிட்டது, பிரசவம் அடுத்த பருவத்தில். எத்தனையாவது நாள் மேகத்துக்கு எந்த மாத மழை என்பது ஊருக்கு ஊர் மாறும். (மார்கழியில் வாடைக்காற்று வடகிழக்கிலிருந்து வீசுகிறது. மேகம் தெற்கே போகாமல் காசிக்கா போகும்? இதை நான் பெரியப்பாவிடம் கேட்டதில்லை.)

கிழித்த காலண்டர் தாளின் பின்பக்கத்தில் அவர் குறித்துவைப்பார்: “காலை மேகம் உண்டு, தெற்கு. மதியம் இல்லை. சாயங்காலம் தூங்கிவிட்டேன்.”

வராகமிகிரர் பிருகத் சம்ஹிதையில், கருக்கொண்ட மேகம் 195 நாளில் பெய்யும் என்கிறார். எண்ணிப் பார்த்தேன், ஆடி வருகிறது. ஆடியில் எங்கள் ஊரில் காற்றுதான் அடிக்கும், அம்மிதான் பறக்கும். தமிழ்நாட்டின் வருஷ மழையில் ஏறக்குறைய பாதி அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டுவது. இந்த ஓட்டையைப் பெரியப்பாவிடம் வெற்றிப் புன்னகையோடு சொன்னேன்.

“அவர் உஜ்ஜயினிக்காரர்டா. அவங்க ஊர்ல குறைப்பிரசவம். நமக்குப் பத்து மாசம். மார்கழியிலேர்ந்து எண்ணு.”

எண்ணினேன். ஐப்பசி. அன்றோடு வாயை மூடிக்கொண்டேன்.

அந்த மரியாதையில்தான், ஐப்பசியில் புதுவீட்டுக் கிரகப்பிரவேசத்துக்கு நாள் குறித்ததும் அவரிடம் ஓடினேன். காலண்டர் தாள்களைப் புரட்டினார். “பத்தாம் நாள் வானம் துடைச்சு வச்ச மாதிரி இருந்திருக்கு. தகரக் கொட்டகை எதுக்கு? சாமியானா போதும்.”

விசேஷத்துக்கு மூன்று நாள் முன்பு தட்டான்கள் முழங்கால் உயரத்தில் பறந்தன. அந்தியில் ஈசல் விளக்கை மொய்த்தது. மறுநாள் எறும்புகள் முட்டைகளைத் தூக்கிக்கொண்டு புதுவீட்டுப் பூஜையறை மாடத்துக்கு வரிசையாக ஏறின. “நமக்கு முன்னாடி அதுங்க குடிவந்தாச்சு” என்றாள் என் மனைவி. போன் போட்டேன்.

“எறும்பு, ஈசல் எல்லாம் சில்லறை யாவாரம்டா” என்றார் பெரியப்பா. “நான் மொத்த யாவாரம்.”

முகூர்த்தம் விடியற்காலை நாலரைக்கு. நாலு மணிக்கே ஆரம்பித்துவிட்டது. போன மார்கழியில் மேகம் கருத்தரித்ததோ இல்லையோ, எங்கள் சாமியானா கருத்தரித்தது. நடுவில் வயிறு கனத்துத் தொங்கிக்கொண்டே வந்தது. சமையற்காரர் நல்லெண்ணத்தோடு ஒரு மூங்கிலால் கீழிருந்து முட்டுக் கொடுத்தார். பிரசவம் சாம்பார் அண்டாவில் நடந்தது.

பந்தியில் உட்கார்ந்தவர்கள் எல்லோரும் ஒரே ஆளைத்தான் பார்த்தார்கள். அவர் அசரவில்லை. “கர்ப்போட்டத்துல ஒருநாள் தூறிச்சு. அப்பவே கர்ப்பம் கலைஞ்சுபோச்சு, கணக்கும் கலைஞ்சுபோச்சு” என்றார். அது போதாதென்று பஞ்சாங்கத்தை விரித்தார். அதில் அந்த வருஷத்துக்கு இத்தனை மரக்கால் மழை என்று போட்டு, கடலுக்கு இத்தனை பங்கு, மலைக்கு இத்தனை, பூமிக்கு இத்தனை என்று பிரித்திருக்கும். “இது கடலோட பங்கு. வழி தவறி உன் வாசலுக்கு வந்துடுச்சு.”

இரவு டிவியில் வானிலை அறிக்கை ஓடியது. ஓரிரு இடங்களில் லேசான மழை பெய்யக்கூடும் என்றார்கள். வானிலை ஆய்வு மையத்தின் அகராதியில் ‘ஓரிரு இடங்கள்’ என்றால் மழைமானி உள்ள நிலையங்களில் கால்பங்குக்கு மேற்படாமல் என்று அர்த்தம். 2.5 மில்லிமீட்டர் பெய்தால்தான் அது மழைநாள் கணக்கிலேயே சேரும். இதையெல்லாம் விளக்கினேன். பெரியப்பா வெகுநேரம் பேசவில்லை.

“ஓரிரு இடங்களில்...” என்று மெதுவாகச் சொல்லிப் பார்த்தார். “எங்க தாத்தாவுக்கு இந்த ஒரு வார்த்தை தெரியாம போச்சேடா. ஊர்ல எத்தனை பேர்கிட்ட ஏச்சு வாங்கினார்!”

இந்த வருஷம் அவருக்கு முட்டிவலி, வயல் பக்கம் போக முடியவில்லை. பொறுப்பு என் தலையில் விழுந்திருக்கிறது. காலண்டர் தாளும் பேனாவுமாக மொட்டைமாடி ஏறினேன். முதல் நாள் குறிப்பு: “மேகம் உண்டு. திசை தெரியவில்லை. எதிர்வீட்டு மாடி மறைக்கிறது.”