ஊரைத் தூக்காத சூப்பர்ஹீரோ

2015 ஜூலையில் ‘ஆன்ட்மேன்’ வெளியானபோது, அது தேறாது என்று நினைப்பதற்கு வேண்டிய காரணங்கள் எல்லாம் கைவசம் இருந்தன. இயக்குநர் எட்கர் ரைட் பல வருடங்களாகச் செதுக்கிக்கொண்டிருந்த படம் அது. படப்பிடிப்புக்குச் சில மாதங்களே இருக்கும்போது, 2014 மே மாதம், அவர் விலகிவிட்டார். பதிலுக்கு வந்த பெய்ட்டன் ரீட் அதுவரை எடுத்ததெல்லாம் சிரிப்புப் படங்கள். நாயகன் பால் ரட்டுக்கோ வில்லனை அடிப்பவரின் முகவெட்டு இல்லை; தெரியாமல் காலை மிதித்துவிட்டு மன்னிப்புக் கேட்பவரின் முகவெட்டு. இதையெல்லாம் பொறுத்துக்கொண்டாலும் அவருடைய வல்லமை என்ன என்ற கேள்வி நிற்கிறது. பறக்கிறவர், இடியை இறக்குகிறவர், கோபம் வந்தால் பச்சையாக வீங்குகிறவர் என்று ஒரு கூட்டமே இருக்கும் மார்வெல் கம்பெனியில், இவர் சின்னதாகிவிடுவார். அவ்வளவுதான். காமிக்ஸில் 1962-லேயே வந்துவிட்ட ஒரு வீரருக்கு முதல் படம் கிடைக்க ஐம்பது வருடத்துக்கு மேல் ஆனது என்பதிலிருந்தே அவருடைய செல்வாக்கு விளங்கும்.

ஆனால் படம் நன்றாக இருந்தது. ‘நினைத்த அளவுக்கு மோசமில்லை’ என்று போடுகிற கருணை மதிப்பெண்ணை நான் சொல்லவில்லை. அந்த வருடத்தில் வந்த சூப்பர்ஹீரோ படங்களில் இதுதான் உருப்படி என்கிறேன். எதைச் சொல்லி எல்லோரும் முன்கூட்டியே சிரித்தார்களோ, அந்தச் சின்னத்தனம்தான் அதைக் காப்பாற்றியது என்பது என் கட்சி.

அப்போது இந்த வகைப் படங்கள் எந்த நிலையில் இருந்தன என்று பாருங்கள். 2012-இல் ‘அவெஞ்சர்ஸ்’ நியூயார்க்கை நொறுக்கியது. 2013-இல் ‘மேன் ஆஃப் ஸ்டீல்’ மெட்ரோபோலிஸ் நகரத்தில் பாதியைத் தரைமட்டமாக்கியது. காப்பாற்ற வந்தவரே பல கட்டடங்களின் குறுக்கே போய் விழுந்தார். ‘ஆன்ட்மேன்’ வருவதற்கு இரண்டு மூன்று மாதம் முன்பு ‘ஏஜ் ஆஃப் அல்ட்ரான்’ ஒரு முழு ஊரையே வேரோடு பிடுங்கி ஆகாயத்தில் தூக்கி நிறுத்தியது. ஆபத்து பெரிதாக ஆக நம் பதைப்பும் பெரிதாகும் என்று யாரோ தயாரிப்பாளர்களிடம் சொல்லியிருக்கிறார்கள். நடப்பது நேர்மாறு. ஊரே அந்தரத்தில் தொங்கும்போது பார்க்கிறவன் மனத்தில் ஓடுவது, படம் விட்டதும் பார்க்கிங்கிலிருந்து வண்டியை எப்படி வெளியே எடுப்பது என்ற கவலைதான். அந்த ஊரில் அவனுக்கு யாரையும் தெரியாது. அதோடு, நாயகன் தோற்க மாட்டான் என்பதும் அவனுக்குத் தெரியும். ஏனென்றால் அடுத்த படத்துக்குத் தேதி அறிவித்தாகிவிட்டது.

‘ஆன்ட்மேன்’ படத்தின் இறுதிச் சண்டை ஒரு சிறுமியின் படுக்கையறையில், பொம்மை ரயில் தண்டவாளத்தின்மேல் நடக்கிறது. எதிரிகள் இருவரும் எறும்பளவு. கேமரா அவர்கள் உயரத்துக்கு இறங்கியதும் தண்டவாளம் நிஜத் தண்டவாளமாகிறது, பின்னணி இசை முழங்குகிறது, இரும்பு அசுரனைப் போல் தாமஸ் ரயில் பாய்ந்து வந்து வில்லன்மேல் மோதுகிறது. மோதிய அந்தக் கணத்தில் கேமரா மனித உயரத்துக்கு எழும்பிவிடுகிறது. இசை கப்பென்று நிற்கிறது. ஒரு பிளாஸ்டிக் பொம்மை ‘டக்’ என்று பக்கவாட்டில் சாய்கிறது. இத்தனை ஆர்ப்பாட்டமும் இதற்குத்தானா என்று அந்த வெட்டு நம்மைக் கேட்பதுபோல் இருக்கிறது. மற்றப் படங்கள் கேட்கத் துணியாத கேள்வி அது. இதற்காக அந்தச் சிறுமி ஆபத்தில் இல்லை என்று ஆகிவிடாது. நமக்கு அந்தக் குழந்தையின் பெயர் தெரியும், அவள் கட்டிப்பிடித்துத் தூங்கும் அவலட்சணமான முயல் பொம்மையையும் தெரியும். பறக்கும் ஊரைவிட அந்த அறை நம்மைப் பதைக்க வைக்கிறது.

எறும்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். நாயகன் சவாரி செய்யும் சிறகெறும்புக்கு ஆன்டனி என்று பெயர் வைக்கிறான். வில்லன் துப்பாக்கியால் சுடும்போது ஆன்டனி செத்துப்போகிறது. ஒரே ஒரு சிறகு மெதுவாகச் சுழன்று கீழே விழுகிறது. சர்க்கரை டப்பாவைச் சுற்றி மருந்துப் பொடி தூவிவிட்டுப் படத்துக்கு வந்தவர்களெல்லாம் தியேட்டரில் ஓர் எறும்புக்காக உச்சுக் கொட்டியதற்கு வேறு விளக்கம் கிடையாது. பெயர் வைத்துவிட்டார்கள், பழகவிட்டார்கள். பிறகு அளவு பொருட்டில்லை.

எதிர்பார்ப்பு தரையில் கிடந்தால் எது வந்தாலும் உயரமாகத்தானே தெரியும் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. பதிலை அதே கோடைக்காலமே தருகிறது. ‘ஆன்ட்மேன்’ வந்து மூன்று வாரத்தில் ‘ஃபென்டாஸ்டிக் ஃபோர்’ வந்தது. அதற்கும் எதிர்பார்ப்பு பாதாளத்தில்தான் கிடந்தது. அதன் தயாரிப்பிலும் குழப்பம். தான் முதலில் எடுத்தது வேறு, நல்ல படம் என்ற பொருள்பட அதன் இயக்குநரே வெளியீட்டுக்கு முந்தைய நாள் ட்விட்டரில் எழுதி, பிறகு அழித்தார். பின்னால் சேர்த்த காட்சிகளில் நாயகியின் விக் தனியாகத் தெரிந்தது. ஆக, குறைந்த எதிர்பார்ப்புதான் மருந்து என்றால் இதுவும் பிழைத்திருக்க வேண்டும். பிழைக்கவில்லை, உலகம் முழுக்க வசூல் 17 கோடி டாலரைத் தொடவில்லை, எறும்போ 52 கோடிக்குப் பக்கத்தில் போனது. அந்தப் படத்தின் உச்சக்கட்டத்தில் பூமிக்கு என்ன ஆபத்து தெரியுமா? மொத்தமாக அழியப்போகிறது. வழக்கம்போல.

அறிவியல்காரர்களின் ஆட்சேபம் இன்னும் கூர்மையானது. சுருங்கினாலும் எடை குறையாது, அதனால்தான் குத்து துப்பாக்கிக் குண்டுபோல் இறங்கும் என்கிறது படம். அப்படியானால் ஆன்டனி எப்படி ஒரு முழு ஆளைச் சுமந்து பறந்தது? சுருங்கும் உடையைக் கண்டுபிடித்த விஞ்ஞானியாக வரும் மைக்கேல் டக்ளஸ் ஒரு போர் டாங்கியைச் சுருக்கிச் சாவிக்கொத்தில் மாட்டிக்கொண்டு நடக்கிறாரே, அவருடைய பேன்ட் இடுப்பில் நிற்பது எப்படி? பதில் கிடையாது, நான் கேட்கப்போவதுமில்லை. டாங்கி வெளியே வந்த விதத்தில் கணக்கு தீர்ந்துவிட்டது. வில்லன் சொத்தை என்பதை மட்டும் மறுக்க முடியாது. நாயகனின் உடையையே மஞ்சளாக்கிப் போட்டுக்கொண்டு வருகிறவரிடம் அதற்குமேல் எதிர்பார்ப்பது நம் தவறு.

இதிலென்ன புதுமை, மூன்று வருடத்துக்கு முன்பே ராஜமௌலி ‘நான் ஈ’யில் செய்துகாட்டிவிட்டாரே என்று நம்மவர்கள் சொல்வார்கள். சொல்லட்டும், அது என் கட்சிக்கு இன்னொரு சாட்சி. அந்த ஈ உலகத்தைக் காப்பாற்றப் புறப்படவில்லை. வில்லன் சுதீப்பை ஒரு ராத்திரிகூடத் தூங்கவிடாமல் செய்தது. காதுக்குள் ஈ நுழைவது எப்படியிருக்கும் என்று தியேட்டரில் இருந்த அத்தனை பேருக்கும் தெரியும். அண்டம் அழிவது எப்படியிருக்கும் என்று ஒருவருக்கும் தெரியாது.

இந்தச் சங்கதி மார்வெலுக்கு 2018 வரை ஞாபகத்தில் இருந்தது. இரண்டாம் படத்தில் ஓர் ஆய்வகக் கட்டடத்தையே சுருக்கி, கைப்பிடி வைத்து, டிராலிப் பெட்டியாக இழுத்துக்கொண்டு போனார்கள். 2023-இல் மூன்றாவதாக வந்த ‘குவான்டமேனியா’வில் அதே இயக்குநர், அதே பால் ரட்; கதை மட்டும் குவான்டம் உலகத்தில், எண்ணற்ற பிரபஞ்சங்களை அச்சுறுத்தும் கேங் என்ற வில்லனோடு. வசூல் முதல் படத்தையே எட்டவில்லை. எதிர்பார்ப்பு ஏறியதால்தான் ஏமாற்றம் என்பவர்கள் அதில் ஒரு வீட்டுச் சாமானாவது கண்ணில் பட்டதா என்று சொல்லட்டும். சுற்றி எல்லாமே கம்ப்யூட்டர் வரைந்த விநோதமாக இருக்கும்போது, நாயகன் பெரிதா சிறிதா என்றே தெரிவதில்லை. ஒப்பிட்டுப் பார்க்க ஒரு குளியல் தொட்டி கிடையாது. முதல் படத்தில் ஒரு பெட்டகத்தைப் பற்றிய துப்பைச் சொல்வதற்குள், ஒயின் விருந்தில் எந்த ஒயின் தேறியது என்பதுவரை விவரித்துவிட்டு, கல்யாண வீட்டுப் பெரியப்பாவைப்போல மூச்சு வாங்கிக்கொண்டு விஷயத்துக்கு வருவாரே நாயகனின் நண்பர் லூயிஸ், அவரையும் மூன்றாம் படத்தில் கூப்பிடவில்லை.